தொட்டிக்கு ஆயிரம் பவுண்டு உப்பு

மாதத்துக்கு ஒருவராவது எழுதிக் கேட்டுவிடுகிறார்கள். "நாங்களும் ஒரு ஃப்ளோட் சென்டர் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எவ்வளவு ஆகும், எப்படி நடத்தணும்?" பெங்களூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, போன வாரம் டாலஸிலிருந்து. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசியையாவது இங்கேயே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஃப்ளோட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில். எட்டடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு தொட்டி. அதில் பத்து அங்குல ஆழத்துக்குத்தான் தண்ணீர், ஆனால் அந்தத் தண்ணீரில் ஆயிரம் பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 450 கிலோ எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைந்திருக்கும். சாக்கடலை விடக் கொஞ்சம் கூடுதல் அடர்த்தி. நீச்சலே தெரியாதவர் மல்லாந்து படுத்தாலும் தக்கை மாதிரி மேலேயே கிடப்பார். தண்ணீரின் சூடு 34.5 டிகிரி செல்சியஸ். நம் தோலின் சூடும் ஏறக்குறைய அதுதான், அதனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே பிடிபடாமல் போகும். காதில் அடைப்பான், விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. எங்கள் மையத்தில் ஓர் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம்.

பார்க்க ஒன்றுமில்லை, கேட்க ஒன்றுமில்லை, சூடோ குளிரோ இல்லை. இதற்குத்தான் காசு கொடுத்து வருகிறார்கள். இதைத் தியானம் சம்பந்தப்பட்ட தொழில் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, உங்களுக்குக் குழாய் வேலை பிடிக்குமா என்பதுதான். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் எதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும். உப்பும் சத்தமும் சூடும் ஈரமும் நாள் முழுக்க எந்தப் பக்கம் சந்து கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோ என்று ஓர் ஊர், சிப் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கும் இடம், நம் ஆட்களும் நிறையப் பேர் உண்டு. அங்கே ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் இருந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அதில் பாதி இரவு. தூசியில்லாத அறைக்குள் தலைக்கு மேல் காற்று வடிகட்டும் விசிறிகள் 'உஷ்ஷ்' என்று ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டுக்கு வந்து படுத்தாலும் அந்த உஷ் காதை விட்டுப் போகாது. 2013-இல் கூட வேலை பார்த்தவர் ஒருவர், போர்ட்லண்டில் ஃப்ளோட் ஆன் என்று ஓர் இடம் இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பார் என்றார். முதல் தடவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கழுத்தை விறைப்பாகவே வைத்திருந்தேன், கண்ணில் உப்பு பட்டு எரிந்தது, எப்போது முடியும் என்றே கிடந்தேன். மூன்று தடவைக்குச் சேர்த்துப் பணம் கட்டியிருந்ததால் மறுபடி போனேன். அன்றைக்கு நடுவில் எப்போதோ கழுத்து தானாக இறங்கிக்கொண்டது. அந்த உஷ் இல்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த இடத்தை இன்னொருவருக்கு உண்டாக்கிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு தொழிலில் இறங்குவது நல்லது. 1954-இல் ஜான் லில்லி என்ற மருத்துவர், மூளையை ஆராய்ந்தவர், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதஸ்டாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில் முதல் தொட்டியை அமைத்தார். வெளியிலிருந்து ஒளி, ஒலி எதுவுமே வராவிட்டால் மூளை தூங்கிவிடுமா என்பது அன்றைய கேள்வி. முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முழுசாக அமிழ்ந்து பார்த்தார். மூளை தூங்கவில்லை. உப்புக் கரைசலில் படுத்து மிதப்பதெல்லாம் அப்புறம் வந்ததுதான். 1972-இல் லில்லியின் பயிலரங்கு ஒன்றுக்குப் போன க்ளென் பெர்ரி என்பவர், கணினி நிரல் எழுதுகிறவர், ரொம்பக் கூச்ச சுபாவம், அங்கே மிதந்துவிட்டு வந்து வீட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு தொட்டியைச் செய்தார். அதுதான் கம்பெனியானது, பெயர் சமாதி. 1979-இல் பெவர்லி ஹில்ஸில் பொதுமக்களுக்கான மையம் வந்தது. அடுத்தடுத்து நிறைய மையங்கள் திறந்தன. 80-களில் எய்ட்ஸ் பயம் பரவியபோது, ஒருவர் படுத்த தண்ணீரில் இன்னொருவர் படுப்பதா என்று ஜனம் வருவதை நிறுத்தியது, பல மையங்கள் இழுத்து மூடப்பட்டன. தண்ணீர் சுத்தத்தைப் பற்றி நாங்கள் இவ்வளவு பேசுவதற்கு அந்தப் பழைய காயமும் ஒரு காரணம்.

ஃப்ளோட் ஆன் 2010-இல் திறந்தது. 2012-இலிருந்து அவர்கள் போர்ட்லண்டில் மாநாடு நடத்த ஆரம்பித்தார்கள், தங்களுக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். போட்டிக்கு வரப்போகிறவனுக்கு எந்த பம்ப் வாங்கு, எதை வாங்காதே என்று சொல்லித் தருகிற தொழிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதை எழுதுவதுகூட அந்தக் கடனுக்காகத்தான்.

இனி இடம். 2016-இல் பீவர்ட்டனில் ஒரு கடை வரிசையில் இடம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நின்றேன், குண்டூசி விழுந்தாலும் கேட்கும் போல இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். சுவருக்கு இரட்டைப் பலகை, நடுவில் பஞ்சு, கதவுக்கு ரப்பர் விளிம்பு என்று எல்லாம் செய்து, 2017 வசந்தத்தில் திறந்தேன். முதல் வாரத்திலேயே ஒருவர் சொன்னார், உள்ளே டொக் டொக் என்று ஒரு சத்தம் வருகிறதே என்று. இரண்டாமவரும் சொன்னார், நாலாமவரும் சொன்னார். அறைக்குள் நின்று கேட்டால் ஒன்றும் கேட்காது. நானே தொட்டிக்குள் படுத்துப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, முதலில் ஒரு உதறல், அப்புறம் டொக், டொக், டொக், சின்னதாக, முதுகுத்தண்டுக்குள் கேட்கிற மாதிரி. பக்கத்துக் கடையின் குளிர் அறைக்கான கம்ப்ரஸர் அது. கான்கிரீட் தரையில் நேராகப் போல்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். சுவரைத் தாண்டிக் காற்றில் வருகிற சத்தத்தை நான் தடுத்திருந்தேன், தரை வழியாகத் தொட்டிக்குள் ஏறி, தண்ணீர் வழியாகத் தலைக்குள் போகிற சத்தத்தை யோசிக்கவே இல்லை.

அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன், என் செலவில் கம்ப்ரஸரைத் தூக்கி அடியில் ஸ்பிரிங் வைக்கச் சம்மதித்தார். என் பக்கத்தில் நாலு தொட்டியையும் ஒவ்வொன்றாகக் காலி செய்து, கரைசலைப் பீப்பாய்களில் பிடித்து வைத்து, தொட்டியைத் தூக்கி அடியில் கனமான ரப்பர் கட்டைகள் வைத்து, மறுபடி நிரப்பினோம். அஞ்சு வாரம் வருமானம் இல்லை. அதனால் இடம் பிடிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேலை நாளில் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று தடவை போங்கள். நின்று கேட்காதீர்கள். தரையில் படுத்து, காதைக் கான்கிரீட்டில் வைத்துக் கேளுங்கள். அரை மணி நேரமாவது.

உப்பு வந்த நாள் மறக்காது. 50 பவுண்டு மூட்டை, தொட்டிக்கு 20, ஆக 80 மூட்டை. மருந்துத் தரத்து உப்பைத்தான் வாங்க வேண்டும், வயலுக்குப் போடுகிற தரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால் அழுக்கு மிதக்கும், தண்ணீர் பழுப்பாகும். நானும் மனைவியும் இரண்டு நண்பர்களும் சாயங்காலம் ஆரம்பித்து நடு இரவு வரை அறுத்து அறுத்துக் கொட்டினோம். எப்சம் உப்பு கரையும்போது தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், கொட்டக் கொட்டக் கையை விட முடியாதபடி ஜில்லிட்டுவிட்டது. பயந்துபோய் ஹீட்டரைப் பிரித்தெல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை, ஒன்றரை நாள் பொறுத்தால் போதும். அடர்த்தியைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. ஊரில் பால் சொசைட்டியில் பாலுக்குள் விட்டுப் பார்ப்பார்களே பால்மானி, அதே சாதிதான். வெறும் தண்ணீரை 1 என்று வைத்தால், 1.27-இல் நின்றால் சரி. வருகிறவர் ஒவ்வொருவரும் முடியிலும் தோலிலும் கொஞ்சம் உப்பை எடுத்துக்கொண்டுதான் எழுந்து போகிறார், அதனால் ரெண்டு வாரத்துக்கு ஒரு மூட்டையாவது சேர்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்த உப்பு சும்மா இருக்காது. நம் ஊர் மண் சுவரில் உப்புப் பூக்கும் இல்லையா, அதேதான், ஆனால் எங்கே பார்த்தாலும். கதவுக் கீலில் பூக்கும், திருகாணித் தலையில் பூக்கும், ஷவர் குழாயின் கழுத்தில் வெள்ளையாக மீசை மாதிரி படியும். சாதாரண இரும்பு ஆணி சில மாதத்தில் துருவாகக் கொட்டும். கான்கிரீட்டுக்குள் இறங்கினால் அதையும் உள்ளிருந்து அரிக்கும், சல்பேட் அப்படி. தரைக்கு எப்பாக்ஸி பூசினால் போதும் என்று எனக்கு ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன், இரண்டாவது வருடமே ஓரத்தில் உப்பிக்கொண்டு வந்தது. சுவரில் ஓரடி உயரம் வரை ஏறுகிற மாதிரி நீர் புகாத விரிப்பைப் போட்டு, அதன் மேல் ஓடு பதித்தோம், அப்புறம்தான் நின்றது. செலவு செய்ய எங்கே தயங்கினாலும் தரையில் தயங்காதீர்கள்.

ஒருவர் எழுந்து போனதும் தண்ணீர் முழுவதும் மூன்று நான்கு சுற்று வடிகட்டி வழியாகப் போய் வர வேண்டும், வழியில் புற ஊதா விளக்கு, அளவாக ஹைட்ரஜன் பெராக்சைடு. தினமும் சோதித்து நோட்டில் எழுதுகிறோம். தொட்டியை நீச்சல் குளமாகப் பார்ப்பதா வேறு ஏதாவதாகவா என்பதில் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது, அதனால் தொட்டியை வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர்ச் சுகாதாரத் துறையில் போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள். உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரம் என்பதால் மின்கசிவு வந்த நொடியே துண்டிக்கிற பிரேக்கரில் சிக்கனம் வேண்டாம்.

கணக்கு வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரம் மிதக்க, அரை மணி நேரம் சுத்தம் செய்ய, ஆக ஒரு தொட்டிக்கு இரண்டு மணி நேரம். நாளைக்கு ஆறு பேர். நாலு தொட்டிக்கும் ஒரே நேரத்தில் ஆள் விடக்கூடாது, கால் மணி நேர இடைவெளியில் விட வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேரும் ஒரே சமயத்தில் குளிப்பார்கள், வெந்நீர் தீர்ந்துவிடும், ஒரே ஆள் நாலு அறைக்கும் ஓடுவார். வாடகையும் சம்பளமும் நகர்வது மாதச் சந்தாக்காரர்களால்தான். சலுகைச் சீட்டுப் பார்த்து ஒரு தடவை வருகிறவர் பெரும்பாலும் திரும்ப வரமாட்டார்.

இன்னொன்று, எனக்கு இது முக்கியம். உடம்பில் உள்ள நஞ்செல்லாம் வெளியேறும், மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய் எல்லாவற்றையும் சரி செய்யும் என்று எழுதி வைக்காதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இருப்பதைச் சொன்னாலே போதும். 2018-இல் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் என்ற ஆய்வாளரின் குழு, பதற்றமும் மன அழுத்தமும் சார்ந்த கோளாறு உள்ள 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்க வைத்துப் பார்த்து, பதற்றம் கணிசமாகக் குறைந்ததாக வெளியிட்டது. ஒரே ஒரு அமர்வு, மிதக்காதவர்களின் குழு ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, எவ்வளவு நாள் நிற்கும் என்பதும் அதில் இல்லை. எங்கள் வரவேற்பறையில் யாராவது கேட்டால் இவ்வளவையும் சேர்த்தேதான் சொல்வோம். மருந்தை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று ஒருவர் சொன்னபோது, வேண்டாம், டாக்டரைக் கேட்டுவிட்டு மருந்தோடே வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன்.

2020 மார்ச்சில் எல்லோரையும் போல நாங்களும் மூடினோம். ஆள் வராவிட்டாலும் தண்ணீரைச் சூடாக வைத்து, பம்ப்பை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஏன் ஓட்ட வேண்டும் என்பது அடுத்த வருடம் புரிந்தது. 2021 பிப்ரவரியில் போர்ட்லண்ட் பகுதி முழுக்க உறைபனி மழை, மரங்கள் முறிந்து கம்பிகளின் மேல் விழுந்து, லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. எங்கள் தெருவில் நாலு நாள். தொட்டிகளுக்கு மேல் கம்பளியாகப் போர்த்தி வைத்தேன், தொட்டிக்குள் இருந்த தண்ணீர் மெதுவாகத்தான் ஆறியது. ஆனால் குழாய்க்குள் நின்ற தண்ணீர் அறையோடு சேர்ந்து குளிர்ந்துவிட்டது. குளிர்ந்தால் அவ்வளவு உப்பைத் தண்ணீர் தாங்காது. டார்ச் அடித்துப் பார்த்தேன், வடிகட்டியின் கண்ணாடி மூடிக்குள் ஊசி ஊசியாக, விரல் நீளத்துக்கு, பளிங்கு மாதிரி உப்பு வளர்ந்து நின்றது. அவ்வளவு கலவரத்திலும் அது அழகாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாலாம் நாள் விடியற்காலையில் மின்சாரம் வந்தது. மூன்று பம்ப்புகளின் சுவிட்சை அணைத்து வைத்திருந்தேன், மூன்றாம் அறையின் பம்ப் மட்டும் டைமரில் இருந்தது, தானாக ஓடத் தொடங்கிப் பளிங்கோடு மோதி, சீல் கிழிந்து தரையெல்லாம் கரைசல். மற்ற மூன்றையும் குழாயின் மேல் வெந்நீர்த் துண்டைச் சுற்றிச் சுற்றி, இரண்டு நாள் உட்கார்ந்து கரைத்தோம். அதே வருடம் ஜூன் கடைசியில் தலைகீழ், போர்ட்லண்டில் 46 டிகிரியைத் தாண்டியது, தொட்டிக்கு ஹீட்டர் உண்டே தவிரக் குளிர்விக்க வழி கிடையாது, தண்ணீர் 37-ஐத் தொட்டது. காய்ச்சல்காரனைப் போய்க் காய்ச்சல் தண்ணீரில் படுக்க வைத்த மாதிரி. மூன்று நாள் எல்லோருக்கும் போன் பண்ணி வர வேண்டாம் என்றோம்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், அந்த வருடம் வந்த ஒரு நர்ஸைச் சொல்வேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலை. முடித்து வெளியே வந்தவர் தலை துவட்டிக்கொண்டே, "ஒன்றரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை" என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

2022 ஜூனில் அம்மா வந்தார்கள். மையத்தைப் பார்க்கணும் என்று வந்ததிலிருந்து ஒரே பிடிவாதம். பின்னறையில் மூட்டைகளைப் பார்த்ததும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்கள். "இதென்ன கண்ணு, தென்னைக்கு வெக்கற உப்பாட்ட இருக்குது?" அதேதான். மட்டை மஞ்சளடித்தால் அப்பா மரத்துக்கு அரைக் கிலோ கணக்கில் வைத்த மெக்னீசியம் சல்பேட்தான் இது, என் பாட்டி காலத்தில் பேதி உப்பு என்று காகிதத்தில் மடித்து வாங்கியதும் இதேதான். "இதுலயா ஆளப் படுக்க வெக்கறே?" என்று அம்மா கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். வாய்க்காலில் முழங்காலுக்கு மேல் இறங்கியவர் இல்லை. எனக்குத் தைரியம் வரவில்லை, மனைவிதான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். ஒரு பழைய நைட்டியோடு, விளக்கு எரிய, மூடி திறந்திருக்க, கையை மனைவி பிடித்துக்கொள்ள, அம்மா மூன்றாம் தொட்டியில் படுத்தார்கள். நான் வெளியே நின்றேன். பத்து நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. அப்புறம் அம்மா குரல். "கண்ணு, உள்ள மோட்டார் என்னமோ ஓடுது பாரு. டொக்கு டொக்குங்குது."

எனக்கு வயிற்றில் கல் விழுந்த மாதிரி ஆனது. பக்கத்துக் கடைக்கு ஓடினேன், கம்ப்ரஸர் நின்றுகொண்டிருந்தது. பம்ப் அறைக்குப் போய்ப் பார்த்தேன், எல்லாம் அணைந்திருந்தது. திரும்பி வந்து அம்மாவின் அறை வாசலில் தரையில் படுத்து, காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

"இன்னும் கேக்குதாம்மா?"

"கேக்குது. நிக்கவே மாட்டேங்குது."

மனைவிக்குத்தான் புரிந்தது. "அத்தை, நெஞ்சுல கைய வச்சுப் பாருங்க" என்றாள்.

உள்ளே தண்ணீர் லேசாகச் சலசலத்தது. அப்புறம் வெகு நேரம் பேச்சே இல்லை. நான் தரையிலிருந்து எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னார்கள்.

"அப்ப அந்த லைட்ட அமத்திப் போடு, சாமி."